ஆறாம் மாடிக்கு ஒரு கையெழுத்து
அத்தியாயம் 14

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பார்கள். அக்காவுக்கு ஆழம் நன்றாகத் தெரியும். தெரிந்தே விட்டாள். போன வாரம் தம்பி கெஞ்சியதற்குத் தலையாட்டினாளே, அதன் பலனாக இன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு லிஃப்டின் அடிக்குழியில், கிரீஸ் நாற்றத்தில், டார்ச்சைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தாள்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வரி. அப்பா அரசாங்கத்தில் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவும் அதே வேலைதான், ஆனால் தனியார். தம்பி லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனி வைத்திருக்கிறான். அப்பாவும் தம்பி குடும்பமும் இருப்பது இதே கட்டடத்தின் ஆறாம் மாடியில்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை லிஃப்டைச் சோதிக்க அரசாங்க ஆள்தான் வரவேண்டும். வருவதற்குள் தாடி நரைத்துவிடும். ஜனங்கள் சலித்துப்போய்க் கத்தினார்கள். அரசாங்கம் சட்டத்தை மாற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. இப்போது உரிமம் எடுத்த யாரும் சோதிக்கலாம். கட்டடக்காரர் தனக்குப் பிடித்தவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். வரிசை ஒழிந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பரீட்சை எழுதுகிறவனே திருத்துகிற வாத்தியாரைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்றும் ஆகிவிட்டது.

அக்கா இதுவரை தம்பி பார்க்கும் லிஃப்டுகளைத் தொட்டதே இல்லை. வேலிக்கு ஓணான் சாட்சியா என்று யாராவது கேட்டுவிட்டால்? இந்தத் தடவை கட்டடத்து மேனேஜரே அவள்தான் வேண்டும் என்றார். ஏன் கேட்டார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"என்னக்கா, ஆச்சா?" தம்பி மேலேயிருந்து குனிந்தான்.

"இன்னொரு தடவை இறக்கு. மெதுவா."

லிஃப்ட் இறங்கியது. அவள் சைகை காட்டியதும் தம்பி போனில் சொல்ல, மெஷின் ரூமில் இருந்த மெக்கானிக், வேகம் மீறினால் லிஃப்டைப் பிடிக்க வைக்கும் கவர்னர் சக்கரத்தைக் கையால் தட்டிவிட்டார். கயிறு அறுந்தால்கூட லிஃப்ட் விழாமல் இருக்க அதன் அடியில் இரண்டு இரும்புத் தாடைகள் உண்டு. இரண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் அவை கவ்விக்கொள்ள வேண்டும். வலது தாடை சட்டென்று கவ்வியது. இடது தாடை தண்டவாளத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு வழுக்கியது. மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் அதே கதைதான்.

ஏணியில் ஏறி வெளியே வந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். சின்ன வயசிலிருந்து பார்க்கிற முகம். அவனுக்கு ரிப்போர்ட் வேண்டியிருக்கவில்லை.

"இடது பக்கமா?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தேய்ஞ்சிருக்குன்னு தெரியும். இவ்வளவுன்னு தெரியாது. புது ஜோடி அனுப்பச் சொல்லி எழுதியிருக்கேன். மூணு வாரம் ஆகும்."

"எப்ப எழுதின?"

அவன் ஸ்பானரை எடுத்துப் பையில் போட்டான்.

"டேய், உன்னைத்தான் கேக்கறேன்."

"முந்தாநாள்." பிறகு அவனே ஆரம்பித்தான். "முன்னெல்லாம் மாசம் ரெண்டு தடவை வந்து பார்ப்பேன். பக்கத்துத் தெரு கம்பெனிக்காரன் மாசம் ஒரு தடவைன்னு சொல்லிக் குறைச்சு எடுத்தான். நானும் குறைச்சேன். அவன் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைன்னான். நானும் அதையே சொன்னேன். நான் ஒருத்தன் மட்டும் ஒழுங்கா இருந்தா, ஒழுங்கு இருக்கும், நான் இருக்க மாட்டேன்க்கா."

கத்திச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் களைத்துப்போய்ச் சொன்னான். நாற்பது வயசுக்குள் அவன் தோள் இப்படித் தொங்கிப்போனதை அன்றுதான் கவனித்தாள். பாவமாக இருந்தது. பாவத்துக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாதே.

"கயிறு நல்லாத்தானே இருக்கு?" என்றான். "அறுந்தாதானே தாடை?"

"மழை பெய்யறப்ப மட்டும்தான் வீட்டுக்குக் கூரை வேணுமா?"

மேனேஜர் வந்தார். முழங்கை வரை மடித்த சட்டை, காதில் எப்போதும் போன். இந்த முதலாளிக்குப் பன்னிரண்டு கட்டடங்கள். பன்னிரண்டின் லிஃப்டுகளும் தம்பியின் கையில்தான். அந்தப் பன்னிரண்டு போனால் தம்பி கம்பெனியின் ஷட்டரை இறக்கிவிட்டுப் போகவேண்டியதுதான்.

"மேடம், சான்றிதழ் இன்னையோட முடியுது" என்றார் மேனேஜர். "அக்கா, தம்பி, ஒரே குடும்பம். பேசித் தீர்த்துக்குவீங்கன்னுதான் உங்களைக் கூப்பிட்டோம்."

"தாடைகிட்டயும் பேசிப் பார்த்தேன் சார். அது கேக்க மாட்டேங்குது."

மேனேஜர் சிரிக்கவில்லை. "சரி, விடுங்க. போட்டோக்காரர் இருக்கார்."

போட்டோக்காரரை இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அவரும் உரிமம் பெற்ற இன்ஸ்பெக்டர்தான். லிஃப்டை நாலு கோணத்தில் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், ஒரு மணி நேரத்தில் ஒரு வருஷத்துக்குச் சான்றிதழ் வந்துவிடும். அவர் படியேறி யாரும் பார்த்ததில்லை. லிஃப்டிலும் ஏறியதில்லை என்று கேள்வி.

"மூணு வாரம் லிஃப்டை நிறுத்தி வையுங்க சார்" என்றாள். "புதுத் தாடை போட்டதும் நானே வந்து பார்த்து எழுதித் தர்றேன்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று மேனேஜர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். என்ன யோசிப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

இதில் ஒரு முடிச்சு உண்டு. லிஃப்ட் தேறவில்லை என்றால், சோதித்தவர் அன்று மாலை ஐந்து மணிக்குள் இலாகாவுக்குப் போன் வழியாகவே பதிவு அனுப்பலாம். அனுப்பினால் முத்திரை எண் வரும். சிவப்பு முத்திரையை ஒட்டிவிட வேண்டியதுதான். அதன்பிறகு எந்தப் போட்டோக்காரரும் அதைத் தொட முடியாது. இலாகா ஆள் நேரில் வந்துதான் பிரிக்கவேண்டும். ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால், அப்படி ஒரு சோதனை நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

அவள் லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஆறு மாடியும் படியேறி அப்பாவைப் பார்க்கப் போனாள்.

அப்பா ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தடவிக்கொண்டிருந்தார். இலாகாவில் அவருக்குப் பட்டப்பெயர் பூட்டு. பூட்டு சார் வருகிறார் என்றால் மெக்கானிக்குகள் வியர்த்துப்போவார்கள். இன்று அந்தப் பூட்டு சாருக்கு ஒரு நாளில் இருப்பது ஒரே ஒரு காரியம். சாயங்காலம் ஐந்தரைக்கு லிஃப்டில் கீழே இறங்கி, வாசல் பெஞ்சில் மூன்று கிழவர்களோடு உட்கார்ந்து டீ குடித்துவிட்டு ஏழு மணிக்கு மேலே வருவது. படியில் ஒரு மாடி இறங்கினாலே முழங்கால் வீங்கிவிடும்.

"படியிலயா வந்த?" என்றார். மூச்சு வாங்குவதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "எந்தப் பக்கம்?"

"இடது."

"ம்."

டிவி பெட்டிமேல் ஒரு பழுப்பு உறை கிடந்தது. சட்டம் மாறியபோது, ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர்கள் எல்லாருக்கும் தனியார் உரிமம் தானாகவே தபாலில் வந்தது. அப்பா அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கட்டடக்காரன் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓட நான் என்ன கூரியர்காரனா என்று சொல்லித் தூக்கிப் போட்டவர், அதோடு சரி.

"முத்திரை ஒட்டப் போறியா?"

"தெரியலப்பா. ஒட்டினா இவன் கம்பெனி போச்சு. நீங்க இங்கேயே மாட்டிக்குவீங்க. ஒட்டலைன்னா போட்டோக்காரர் வந்துடுவார்."

அப்பா தைலப் புட்டியை மூடினார். மூடி சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. திரும்பத் திறந்து திரும்ப மூடினார்.

"ஒரு நாலு மாடிக் கட்டடம்" என்றார். "கயிறு பிரிஞ்சிருந்துச்சு. முத்திரை வெச்சேன். ரெண்டே நாள்ல புதுக் கயிறு போட்டுட்டாங்க. திரும்ப நான் போய்ப் பார்த்துத் திறக்கணும். ஃபைல் ஒரு மேசையிலேர்ந்து இன்னொரு மேசைக்குப் போக அஞ்சு மாசம் ஆச்சு. நாலாவது மாடியில ஒரு டெய்லர். நெஞ்சுவலிக்காரர். தினம் ரெண்டு தடவை ஏறி இறங்கினார். ஒரு நாள் மூணாவது மாடிப் படியில மூச்சு வாங்க உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போயிட்டார்."

அவள் இதைக் கேட்டதே இல்லை. இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"நான் பூட்டினது தப்பில்லம்மா. திறக்காதது தப்பு. அந்த முத்திரை எத்தனை பேரை விழாம காப்பாத்துச்சோ, அது எனக்குத் தெரியாது. அந்த டெய்லரை மட்டும்தான் தெரியும்."

அப்பா ஒட்டாதே என்கிறாரா, ஒட்டு என்கிறாரா? அவளுக்குப் புரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். மேற்கொண்டு கேட்கத் தெம்பில்லாமல் எழுந்தாள்.

இரண்டு மணிக்கு இலாகா ஆபீசில் நின்றாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. பதினாலு மேசை இருந்த இடத்தில் இரண்டுதான் மிச்சம். மற்ற நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து மூலையில் அடுக்கியிருந்தார்கள். ஒரே ஓர் அதிகாரி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் போனில் யாருக்கோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பூட்டு சார் பொண்ணு இல்ல? உட்காரும்மா. அப்பா முழங்கால் எப்படி?"

"அப்படியேதான் சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இன்னைக்கு நான் ஒரு லிஃப்டுக்கு முத்திரை வெச்சா, ரிப்பேர் ஆனதும் திறக்க எத்தனை நாள்ல வருவீங்க?"

அவர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். பாதியில் விட்டுவிட்டார். "நாலு மாசம்னு வெச்சுக்கோ."

"மூணு வாரத்துல தாடை மாத்திடுவாங்க சார்."

"அவங்க மாத்திடுவாங்கம்மா. நான் வரணுமே? மாவட்டத்துக்கே நாங்க ரெண்டு பேர். அவருக்கு அடுத்த மாசம் ரிட்டயர்மென்ட்." ஆறிப்போன சாப்பாட்டைக் கிளறினார். "வரிசை நீளமா இருக்குன்னு சொன்னாங்க. ஆள் போட்டா வரிசை குறையும்னு நாங்க சொன்னோம். அவங்க ஆளைக் குறைச்சுட்டாங்க."

"வைக்காம விட்டா?"

"வேற யாராவது எழுதிக் கொடுப்பாங்க. எனக்குத் தெரியவே தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. ஒரே நாள்ல ஒருத்தர் நல்லா இருக்குன்னும், இன்னொருத்தர் இல்லைன்னும் எழுதினா விசாரணை வரும். பொய் எழுதினவங்களுக்கு உரிமம் போகும். ஜெயிலும் உண்டு. அந்த ஒரு விஷயத்துல மட்டும் மேலிடம் படு சுறுசுறுப்பு."

அவளுக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. போட்டோக்காரர் எழுதட்டும். எழுதிய கையோடு அவள் பதிவை அனுப்பினால் அந்த மனுஷனின் கடை இன்றோடு மூடும். இதை நினைத்ததும் காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு தெம்பு வந்தது. அல்ப சந்தோஷம்தான். இருந்தாலும் சந்தோஷம்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது மணி நாலு. போன் அடித்தது. தம்பியின் மனைவி.

"அண்ணி, மாமா உங்களோட இருக்காரா?"

"இல்லையே. ஏன்?"

"ஒரு மணி நேரம் மெடிக்கல் ஷாப் வரைக்கும் போயிட்டு வந்தேன். வீட்ல காணோம். அஞ்சரை ஆகாம வெளியே போக மாட்டாரே. செருப்பு இருக்கு. பிளாஸ்டிக் நாற்காலியைக் காணோம்."

"நாற்காலியையா?"

"நாற்காலியைத்தான். மனுஷர் கோவிச்சுக்கிட்டுப் போனாகூட நாற்காலியைத் தூக்கிட்டா போவார்?"

"லிஃப்ட் ஓடுதா?"

"ஓடுதே. நான் வர்றப்ப மேலயும் கீழயும் போய்க்கிட்டிருந்துச்சு. எத்தனை தடவை பட்டன் அழுத்தியும் தரைத்தளத்துக்கு வரல. கடைசியில படியிலதான் வந்தேன்."

அக்கா வந்த பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

கட்டடத்துக்குள் நுழைந்தபோது மணி நாலு நாற்பது. மெயின் சுவிட்சைப் போட்டிருந்தார்கள். லிஃப்ட் பக்கத்துக் கண்ணாடிச் சட்டத்தில் பழைய சான்றிதழைக் காணோம். புதுசு இருந்தது. பிரின்டரின் சூடுகூட ஆறியிருக்காது.

போட்டோக்காரரின் பெயரைத் தேடிக்கொண்டே கடைசி வரிக்கு வந்தாள். அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அவளுடைய எல்லா ரேங்க் கார்டிலும் இருந்த கையெழுத்து அது. கடைசி எழுத்தின் வால் அடிக்கோடு மாதிரி நீண்டு, முடிவில் ஒரு புள்ளி.

அப்பா.

சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே கடகடவென்று சத்தம். இரும்புக் கிராதி வழியாகப் பழைய லிஃப்ட் இறங்கி வருவது தெரிந்தது. முதலில் வெறும் பாதங்கள், பிறகு வேட்டி, பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள். நடுவில் நாற்காலியைப் போட்டு, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது. அவள் இரண்டு கிராதிக் கதவுகளையும் இழுத்துத் திறந்தாள்.

"கையெழுத்துப் போட்டவன் முதல்ல தான் ஏறிப் பார்க்கணும்" என்றார் அப்பா. "என் வழக்கம்தான். உனக்குத் தெரியுமே."

"அப்பா, இடது தாடை பிடிக்கலப்பா. உங்ககிட்ட நானே சொன்னேன்."

"சொன்ன. அதனாலதான் வேற யாரையும் ஏத்தல." குரலில் ஒரு சின்னப் பெருமை. "கேளு. நீ முத்திரை வெச்சா நாலஞ்சு மாசம். போட்டோக்காரன் போட்டா ஒரு வருஷம் இப்படியே ஓடும். நான் போட்டா மூணு வாரம். மூணு வாரமும் நான் இதுலயே உட்கார்ந்துக்கறேன். எவனும் ஏற முடியாது. புதுத் தாடை வந்ததும் எழுந்துக்கறேன். யாருக்கும் நஷ்டமில்ல."

முப்பத்திரண்டு வருஷம் ஊரிலுள்ள லிஃப்டை எல்லாம் பூட்டிய மனுஷர், இப்போது தன்னையே பூட்டாக மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு அழுகையும் வந்தது. அவர் சாப்பிடப் போவார். பாத்ரூம் போவார். மத்தியானம் கண்ணசருவார். அந்தப் பத்து நிமிஷத்தில் மேல் மாடி ஆட்கள் மூட்டையும் முடிச்சுமாக ஏறிவிடுவார்கள். இது அவருக்குத் தெரியாதா? தெரியும். அவருடைய களைப்புக்குத் தெரியவில்லை.

"உறையை நீங்களா பிரிச்சீங்க?"

அப்பா தரையைப் பார்த்தார். "உன் தம்பிதான் பிரிச்சான். பாரத்தையும் அவனே பிரின்ட் எடுத்துட்டு வந்தான்."

"என்ன சொன்னான்?"

"விடும்மா."

"என்னப்பா சொன்னான்?"

"போட்டோக்காரர் போட்டா அக்கா நிச்சயமா மாட்டி விட்டுடுவா. நீங்க போட்டா அவ கை வராதுன்னு சொன்னான்."

மத்தியானம் அவள் ஆறு மாடிப் படியிறங்கி ஆபீசுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, தம்பி அவளுடைய மனசைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஆத்திரம் வந்தது. அவன் படித்ததில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை என்பதில்தான் அதிக ஆத்திரம்.

கைப்பையில் சிவப்பு முத்திரைக் கட்டு இருந்தது. கையில் போன். பதிவுப் பாரத்தைக் காலையிலேயே நிரப்பி வைத்திருந்தாள். அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. மணி நாலு ஐம்பத்திரண்டு.

"அவன் சொன்னது சரிதானா?" என்று அப்பா கேட்டார். இன்ஸ்பெக்டராகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் மாதிரி கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் லிஃப்டுக்குள் மணி அடித்தது. ஆறாம் மாடியில் யாரோ பட்டனை அழுத்துகிறார்கள். கதவு திறந்திருக்கும்வரை லிஃப்ட் நகராது. அவள் கிராதியை விடவில்லை.

"கீழ யாரு? கதவைச் சாத்துங்க!" படிக்கட்டின் இடைவெளி வழியாகக் குரல் இறங்கியது. தம்பியின் மனைவி. "அண்ணியா? மாமா கிடைச்சாரா?"

"கிடைச்சுட்டார்!"

"அப்பாடா! லிஃப்டை மேல அனுப்புங்க, நான் வர்றேன்."

அக்கா கிராதியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். விரலில் காலையில் பட்ட கிரீஸ் இன்னும் போகாமல் இருந்தது.

"அனுப்ப முடியாது. படியில இறங்கி வா."

"ஆறு மாடியுமா?"

"ஆறு மாடியும்."

மேலே ஏதோ முணுமுணுப்பு. பிறகு படியில் செருப்புச் சத்தம் இறங்கத் தொடங்கியது.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தன் முழங்கால்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நானும் படியிலதான் ஏறணுமாம்மா?"